மெட்டிக்கு இடம் விட்டு வாங்கிய பூட்ஸ்

என் கால்களைப் பற்றி நாற்பது வயது வரை யாரும் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள்கூடப் பாட்டுத் தெரியுமா, சமையல் தெரியுமா என்று கேட்டார்களே தவிர, பாதத்தின் நீளம் என்ன, கணுக்காலின் சுற்றளவு என்ன என்று கேட்கவில்லை. கேட்டவர்கள் நார்வே நாட்டுக்காரர்கள். ஒரு சித்திரை மாத மத்தியானம், ஸ்ரீரங்கத்து வீட்டில் மின்விசிறி சுடுகாற்றைச் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தபோது, அவர்களிடமிருந்து ஒரு படிவம் வந்தது. இரண்டு கால்களுக்கும் தனித்தனியாகப் பதினோரு அளவுகள் கேட்டிருந்தார்கள். டேப்பை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கடற்பாசிதான் என் பாடம். கெல்ப் என்று ஒரு பாசி உண்டு. குளிர்ந்த கடலில் மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, அடியில் காடாகவே நிற்கும். நம் பக்கத்துக் கடலில் கிடையாது. பழுப்பு சாக்பீஸ் கிடைக்காததால் பன்னிரண்டு வருஷமாக மஞ்சள் சாக்பீஸில் அந்தக் காட்டைக் கரும்பலகையில் வரைந்து காட்டிவந்தேன். ஒரு வகுப்பில் முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி, “மேம், நீங்க இதை நேர்ல பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டாள். வெறுமனே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், பாவம். இல்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் முப்பத்தைந்து வயதில் மன்னார் வளைகுடாப் பக்கம் போய் முழுகக் கற்றுக்கொண்டேன். ஐந்து வருஷம் கழித்து, நார்வேயின் கடலோர ஆய்வு நிலையம் ஒன்றிலிருந்து ஐந்து வாரம் வந்து வேலை செய்யலாம் என்று அழைப்பு வந்தது. அந்தக் காட்டை என் கண்ணால் பார்க்க எனக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது. இன்னொன்று வரும் என்று நம்புகிற வயதும் இல்லை.

நம் கடலில் முழுகக் காலில் மாட்டுகிற ஒரு ஜோடி ரப்பர் துடுப்பு, ஃபின்ஸ், போதும். அங்கே தண்ணீர் ஃப்ரிட்ஜுக்குள் வைத்த தண்ணீர். அதற்கென்று ட்ரை சூட் என்று ஓர் உடுப்பு இருக்கிறது. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டி இறுக்கிப் பிடித்துக்கொள்ள, உள்ளே ஒரு சொட்டு நீர் போகாது. கம்பளி போட்டுக்கொண்டு இறங்கலாம். பாதத்தில் அந்த உடுப்பு ரப்பர் சாக்ஸாக முடியும். சாக்ஸின் மேல் கயிறு கட்டுகிற பூட்ஸ், பூட்ஸின் மேல் ஃபின்ஸ். உடுப்பை அவர்களே தைத்து அனுப்புவதாகச் சொன்னார்கள். பூட்ஸை மட்டும் நானே பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்களிடம் இருப்பதெல்லாம் அந்த ஊர்க் கால்களுக்கு. என் கால் நீளத்தில் அங்கே பள்ளிக்கூடப் பிள்ளையின் கால், அகலத்தில் மட்டும் பெரிய மனுஷி.

பூட்ஸில் என்ன இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த உடுப்புக்குள் காற்று இருக்கும். பூட்ஸ் தொளதொளவென்று இருந்தால் காற்றெல்லாம் ஓடிப்போய்க் காலில் குடியேறிவிடும். அப்புறம் கால் மேலே, தலை கீழே என்று தொங்க வேண்டியதுதான். இறுக்கிப் பிடித்தாலோ ரத்தம் ஓடாமல் விரல் மரத்துவிடும். விரல்கள் அசைய வேண்டும், குதிகால் அசையக் கூடாது என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை ஒரு சோதனை முழுக்கு. அதில் தேறாதவர்கள் ஐந்து வாரமும் படகில் உட்கார்ந்து, மற்றவர்கள் அள்ளிக்கொண்டு வரும் பாசிக்கு லேபிள் எழுதலாம். லேபிள் எழுதுவதற்கா நான் கடல் தாண்டிப் போகிறேன்! படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டு, அடுத்த மாதம் கடைக்குக் கிளம்பினேன்.

பெரிய கடை வீதியை ஒட்டிய ஒரு சந்தில் அந்தச் செருப்புக் கடை இருக்கிறது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் சேஃப்டி ஷூ வாங்குகிற கடை. தொட்டியம் பக்கத்து வாழைத்தோட்டக்காரர்கள் கம்பூட்ஸ் வாங்குவதும் அங்கேதான். கடைக்கார பாய்க்கு அறுபது வயதிருக்கும். யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்ப்பார்.

“கடலுக்கு அடியில போட்டுக்கிறதுக்கு ஷூவா?” என்றார். பிறகு உள்ளே போய் நுனியில் இரும்புத் தகடு வைத்த ஒரு கறுப்பு ஷூவைத் தூக்கிக்கொண்டு வந்தார். “இதப் போடுங்கம்மா. லாரி ஏறினாகூட விரல் நசுங்காது.”

“கடலுக்கடியில லாரி வராது பாய். கேன்வாஸ்ல எடுங்க. கணுக்காலுக்கு மேல வரைக்கும் கயிறு இருக்கணும், அடியில ரப்பர் இருக்கணும்.”

நார்வேக்காரர்கள் அளவு பார்ப்பதற்காகவே ஒரு ஜோடி ரப்பர் சாக்ஸ் அனுப்பியிருந்தார்கள். வைகாசி பிறந்துவிட்டது. அந்த வெயிலில், ஆடுகிற ஒற்றை ஃபேனுக்குக் கீழே, முதலில் கம்பளி சாக்ஸ், அதன்மேல் இன்னொரு கம்பளி, அதன்மேல் ரப்பர் என்று நான் மாட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்கத் தெருவே எட்டிப் பார்த்தது. பாய் கொஞ்சமும் சிரிக்கவில்லை. ஆறாம் நம்பர் பூட்ஸை எடுத்து என் முன்னால் வைத்தார். குதிகால் ஆணி அடித்ததுபோல் நின்றது. ஆனால் இரண்டாவது விரலில் சுருக்கென்று ஒரு வலி. நான்கு அடி நடந்தேன், ஐந்தாவது அடி வைக்க முடியவில்லை.

பாய் பூட்ஸின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். “இங்க எதுவோ தடுக்குது. மெட்டியாம்மா?”

“ஆமா.”

“கழட்டிட்டு ஒருதரம் போட்டுப் பாருங்க. ஆறு உங்களுக்குக் கச்சிதம்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏன் ஏறியது என்று அப்போது யோசிக்கவில்லை. “மெட்டியெல்லாம் கழட்ட முடியாது பாய். ஏழு எடுங்க.”

ஏழு வந்தது. விரல் சுகமாக இருந்தது. பாய் என் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தார். “பின்னாடி ஆடுதும்மா.”

“உள்ள ஒரு சோல் வச்சுக்கறேன்.”

“சோல் வச்சா மேல இடிக்கும்.”

“பாய், வாங்கறது நான். போடப்போறதும் நான். கட்டிக் குடுங்க.”

கட்டிக் கொடுத்தார். படியிறங்கும்போது, “அட்டப்பெட்டிய மட்டும் தூக்கிப் போட்டுராதீங்கம்மா” என்றார். அந்தச் சொல்லுக்கும் எனக்குக் கோபம் வந்தது. உலகத்தில் எவளாவது கடலுக்கடியில் போகிற பூட்ஸை மெட்டிக்கு இடம் விட்டு வாங்கியிருப்பாளா? எங்கள் ஊர்க்காரியைத் தவிர வேறு யாருக்கும் அந்தத் தப்பைச் செய்யத் தெரியாது.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்குமாடியின் இரண்டாம் மாடி. நான், என் கணவர், என் மாமியார். கணவருக்கு பேங்க்கில் வேலை. மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சத்தமாகப் பேசினால் அவருக்குப் பாதிதான் கேட்கும், ரகசியம் பேசினால் முழுசாகக் கேட்கும் என்று என் கணவர் கேலி செய்வார். பெருமாளின் பாதுகையைச் சடாரி என்று தலையில் வாங்கிக்கொள்கிற ஊர் எங்களுடையது. ஆனால் மனுஷர் செருப்பு மட்டும் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. என் புது பூட்ஸும் வெளியே மாடிப்படிக் கம்பியில்தான் தொங்கியது. மாமியார் கோலம் போடும்போது அதை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார்.

ஆடி மாதம் உடுப்பு வந்து சேர்ந்தது. எனக்கு முழுகக் கற்றுக்கொடுத்த டைவிங் மாஸ்டர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கிளப்பின் நீச்சல் குளத்தில் காலை வேளையில் இடம் கொடுத்தார்கள். ஆடி வெயிலில், வெந்நீராகக் கிடந்த குளத்தில், பனிக்கடல் உடுப்பும் கம்பளி சாக்ஸும் போட்டுக்கொண்டு இறங்கினேன். குளத்து வாட்ச்மேன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நிம்மதியாக வேடிக்கை பார்த்தார்.

முதல் பத்து நிமிஷம் சரியாகத்தான் போனது. பிறகு தலையைக் கீழே விட்டுத் திரும்பும் பயிற்சி. தலை தாழ்ந்ததுமே காற்று விறுவிறுவென்று காலுக்கு ஓடியது. இடது குதிகால் பூட்ஸிலிருந்து மெல்ல மேலே வந்தது. அதைத் தடுக்க உதைத்தேன். உதைத்த வேகத்தில் குதிகால் முழுசாகக் கழன்று, பூட்ஸும் ஃபின்ஸும் விரல் நுனியில் தொங்கின. நான் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் மேலே என்றே தெரியவில்லை. மாஸ்டர் இடுப்பைப் பிடித்துப் புரட்டிக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

“மேடம், உங்களுக்கு என்ன சைஸ் போடணும்?”

“ஆறு.”

“இது?”

“ஏழு.”

“ஏன் மேடம்?”

“மெட்டி.”

சிரித்திருந்தால் அந்தப் பூட்ஸாலேயே அடித்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். “அந்தத் தண்ணியில விரல் மரத்துப் போயிரும் மேடம். மெட்டி இறுக்கினா தெரியவே தெரியாது. மேல வந்து பாத்தா விரல் கறுத்துக் கெடக்கும். கழட்டிட்டு ஆறு போடுங்க. கழட்ட முடியாதுன்னா போகாதீங்க. நான் சொல்றது உங்களுக்குப் பிடிக்காது, ஆனா சொல்லாம பஸ் ஏற மாட்டேன்.” எட்டு மணி நேரம் போகவும் வரவும் பஸ்ஸில் உட்கார்ந்து இந்த நான்கு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார். பயணச் செலவைக்கூட வாங்க மறுத்துவிட்டார். அவருக்கு நான் அன்றைக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலம் கணவர் ஆபீசிலிருந்து வந்ததும், சமையலறையில் குக்கர் சத்தத்துக்கு நடுவே ரகசியமாகச் சண்டை போட்டோம்.

“கழட்டிட வேண்டியதுதானே? இதுக்கா இவ்வளவு? அம்மா என்ன, உன் காலையேவா பார்த்துண்டிருக்கா?” என்றார்.

“உங்களுக்கு என்ன தெரியும்? நீங்க அன்னிக்கு ஆத்துல இருந்தேளா? ஆம்பளைகள் எல்லாரும் ஆத்தங்கரைக்குப் போயிட்டேள். உள்ள இருந்தது நான்!”

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, நான் எதைச் சுமந்துகொண்டிருந்தேன் என்று. எட்டு வருஷத்துக்கு முன் என் மாமனார் காலமானார். பத்தாம் நாள் காலை, உள் அறையில் ஆறேழு பெண்கள். தாலியையும் மற்றதையும் எடுத்தார்கள். மெட்டி மட்டும் வரவில்லை. நாற்பது வருஷம் காலோடு கிடந்த மெட்டி எப்படி வரும்? தூரத்து உறவில் ஒரு மாமி அதைத் திருகினாள், பிடித்து இழுத்தாள். நேரம் ஆகிறது, நேரம் ஆகிறது என்று வெளியிலிருந்து குரல். விரலில் ரத்தம் கசிந்தது. என் மாமியார் சுழலாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஊரில் எனக்கு வாயாடி என்று பெயர். பஸ்ஸில் ஒரு ரூபாய் சில்லறைக்குக் கண்டக்டரோடு மல்லுக்கு நிற்பேன். அன்றைக்கு, “நிறுத்துங்கோ, கொஞ்சம் சோப்பாவது போடுங்கோ” என்று ஒரு வார்த்தை சொல்ல என்னால் முடியவில்லை.

அப்படிப்பட்ட அவர் கண் முன்னால், கடலுக்குள் போய் விளையாடுவதற்காக என் மெட்டியை நானே கழற்றி வைத்துவிட்டு நடமாடுவதா? எனக்குச் சாஸ்திரத்தில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கை வரவில்லை. “நான் போகலை. வரலைன்னு எழுதிடப் போறேன்” என்று கணவரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குக்கரை இறக்கி வைத்தார். சாப்பிட்டானதும் கடிதத்தை எழுதியும் வைத்தேன். அனுப்புகிற பொத்தானை மட்டும் காலையில் அழுத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் காபி குடித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தால், மாமியார் ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெயும் ஒரு நூல்கண்டும் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

“காலை நீட்டு.”

“எதுக்கும்மா?”

“நேத்திக்கு நீங்க ரெண்டு பேரும் குக்கரோட பேசிண்டிருந்தேளே, அதுக்குத்தான்.”

“நான் போகலைம்மா. லெட்டர் எழுதிட்டேன்.”

“அனுப்பிட்டியா?”

“இன்னும் இல்லை.”

“அனுப்பாதே. இன்னிக்கு வியாழக்கிழமை. வெள்ளி, செவ்வாய் இல்லைன்னு நாள் பார்த்துண்டுதான் உக்காந்திருக்கேன். நீட்டுடி.”

பெரியவர்கள் முன்னால் கால் நீட்டி உட்காருவதே எங்கள் வீட்டில் கிடையாது. வேண்டாம், வேண்டாம் என்று நான் பின்னால் நகர நகர, அவர் என் கணுக்காலைப் பிடித்து இழுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். எழுபத்திரண்டு வயது மனுஷி, தம்முடைய புடவைமேல் மருமகள் காலை வைத்துக்கொண்டு, விரலில் எண்ணெயைச் சொட்டு சொட்டாக விட்டுத் தேய்த்தார். நூலை விரலில் நெருக்கிச் சுற்றினார். அவசரமே இல்லை. கொஞ்சம் திருப்புவார், நிறுத்துவார், இன்னும் ஒரு சொட்டு விடுவார்.

“வலிக்கறதா?”

“இல்லைம்மா.”

“எனக்குக் கழட்டறச்சே ஒருத்தரும் ஒரு சொட்டு எண்ணெய் போடலை” என்றார். குரலில் கோபம் இல்லை. யாரோ கேட்ட நம்பரைச் சொல்வதுபோல் சொன்னார். “உசிரே போறாப்ல வலிச்சுது.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “நான் அங்கதான் இருந்தேன்மா. வாயைத் தொறக்கலை.”

“தெரியும். தோளைப் பிடிச்சுண்டிருந்தே. உன் கை நடுங்கினது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. அந்தக் கை இல்லேன்னா நான் அன்னிக்கு சாஞ்சிருப்பேன்.”

எட்டு வருஷமாக நான் என்னைத் திட்டிக்கொண்டிருந்த இடத்தில், அவர் வேறொன்றை வைத்துக்கொண்டிருந்தார். முதல் மெட்டி வழுக்கிக்கொண்டு வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. பதினான்கு வருஷத்துத் தடம் விரலில் வெள்ளையாகத் தெரிந்தது.

“கீழே போறவ மேல வரணும். அதுக்கு எது இடைஞ்சலோ அது வேண்டாம். மெட்டி இருக்கான்னு பார்த்துண்டா பெருமாள் காப்பாத்தறார்?” என்று சொல்லிக்கொண்டே இரண்டாவதையும் எடுத்தார். இரண்டையும் புடவைத் தலைப்பில் துடைத்தார். பிறகு உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். “டேய், இங்க வா. வந்து காலை நீட்டு.”

ஷேவ் செய்துகொண்டிருந்த என் கணவர் பாதி முகத்தில் நுரையோடு வந்தார்.

“இது டப்பாவுல சும்மா கிடக்கக் கூடாது. இவ திரும்பி வர்றவரைக்கும் நீ போட்டுக்கோ.”

“நானா? அம்மா, நான் பேங்க்குக்குப் போகணும்!”

“ஷூ போட்டுண்டுதானே போறே? யார் உன் காலைப் பார்க்கப்போறா? அந்தக் காலத்துல ஆம்பளைகளும்தான் போட்டுண்டிருந்தா. உக்காருடா.”

இரண்டாவது விரலில் ஏறவில்லை. சுண்டுவிரலில்தான் ஏறியது. இரண்டு கால் சுண்டுவிரலிலும் வெள்ளி மெட்டியோடு, நுரை காய்ந்த முகத்தோடு அவர் நின்ற நிலையைப் பார்த்து நானும் மாமியாரும் சிரித்தோம், சிரித்தோம், வயிறு வலிக்கும் வரை சிரித்தோம். நான் உள்ளே போய் அந்தக் கடிதத்தை அழித்தேன்.

அன்றைக்கே பாய் கடைக்குப் போனேன். கணவர் ஸ்கூட்டரை எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு அங்கேயே இருந்தார். குளத்தில் ஊறிய பூட்ஸ், விறைத்துப்போய், குளோரின் வாடையோடு. நானாக இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்ளவே மாட்டேன். பாய் அட்டைப்பெட்டியைப் பார்த்ததுமே எழுந்து போய் ஆறாம் நம்பரை எடுத்து வந்துவிட்டார்.

செருப்பைக் கழற்றினேன். வழக்கம்போல் அவர் பார்வை முதலில் காலுக்குத்தான் போனது. வெறும் விரலையும் வெள்ளைத் தடத்தையும் பார்த்தார். கையிலிருந்த பூட்ஸை மெல்லக் கீழே வைத்தார். முகமே மாறிவிட்டது.

“அம்மா... வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?”

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் பதறிப்போய், “ஐயோ பாய், நல்லா இருக்காரு! அதோ ஸ்கூட்டர்ல உக்காந்திருக்காரு பாருங்க. மெட்டி அவர் கால்ல இருக்கு” என்றேன்.

பாய் வாசலுக்கே போய் எட்டிப் பார்த்தார். என் கணவர் ஒன்றும் தெரியாமல் கையை ஆட்டினார். பாய் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, “அல்ஹம்துலில்லாஹ்” என்று மூச்சு விட்டார். “நெஞ்சு நின்னே போச்சும்மா. எம் பேச்சக் கேட்டுக் கழட்டினீங்களோ, அதுக்குள்ள ஏதும் ஆயிருச்சோன்னு...”

இத்தனைக்கும் என்னை அவர் அதற்கு முன் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறார். அந்த ஒருமுறையும் நான் முறைத்துவிட்டுத்தான் போயிருந்தேன். என் வீட்டு மனுஷருக்காக அவர் நெஞ்சு எதற்கு நிற்க வேண்டும்? நன்றி சொன்னால் கையை வீசி விலக்கினார். ஆறாம் நம்பரின் கயிற்றைத் தாமே கோத்து, எந்த ஓட்டையைத் தாண்டி இறுக்கக் கூடாது என்று பேனாவால் புள்ளி வைத்துக் கொடுத்தார். விரல் அசைந்தது. குதிகால் அசையவில்லை. ஊறிப்போன ஏழாம் நம்பரை என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது.

புரட்டாசி கடைசியில் கிளம்பினேன். சோதனை முழுக்கு நாளன்று படகில் என் பல் தந்தியடித்தது, குளிரில் பாதி, பயத்தில் பாதி. பாய் வைத்த புள்ளி வரைக்கும் கயிற்றை இழுத்துக் கட்டினேன். தண்ணீருக்குள் அந்த ஊர் மாஸ்டர் கையால் சைகை செய்தார், தலையைக் கீழே விடு என்று. விட்டேன். காற்று காலுக்கு ஓடியது. ஆனால் அங்கே தங்க இடமில்லை. முழங்காலை மடக்கிப் புரண்டேன், நிமிர்ந்துவிட்டேன். குதிகால் வைத்த இடத்திலேயே இருந்தது. அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினார், சரி என்று. பிறகு முன்னால் நீந்தினார். நான் பின்னால் போனேன்.

காடு வந்தது. மஞ்சள் சாக்பீஸில் நான் அதை நேர்க்கோடாக வரைந்து வந்திருக்கிறேன். ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தன, எல்லாம் சேர்ந்து திரும்பி வந்தன. மேலேயிருந்து வெளிச்சம் பழுப்பாக இறங்கியது. முகமூடிக்குள் அழுதால் துடைத்துக்கொள்ள முடியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பூட்ஸுக்குள் இரண்டாவது விரலை அசைத்துப் பார்த்தேன். அது ஒரு தடங்கலும் இல்லாமல் அசைந்தது. மடியில் என் காலை வைத்துக்கொண்டவரை நினைத்துக்கொண்டேன். அந்தக் காட்டுக்குள் நான் தனியாகப் போகவில்லை.

ஐந்து வாரத்தில் ஒரு லேபிள்கூட எழுதவில்லை என்று சொல்ல மாட்டேன். எழுதினேன், ஆனால் நான் அள்ளிக்கொண்டு வந்த பாசிக்கு.

திரும்பும்போது, கயிறு கட்டிய பெட்டிகளோடு வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் நிறைந்த விமானத்தில் திருச்சியில் வந்து இறங்கினேன். வீட்டுக்கு வந்து பூட்ஸை மாடிப்படிக் கம்பியில் மாட்டிவிட்டு உள்ளே நுழைந்தேன். மாமியார் குளித்துவிட்டுக் கூடத்தில் காத்திருந்தார். “காட்டைப் பார்த்தியா?” என்றுதான் முதலில் கேட்டார். பார்த்தேன்மா என்றேன். “போறும்” என்றார்.

கணவர் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். ஆடியிலிருந்து ஷூவுக்குள் நெருங்கிக் கிடந்ததில் சுண்டுவிரல்கள் வீங்கி, மெட்டி அசைய மறுத்தது. நான் பிடித்து இழுத்தேன். “ஐயோ!” என்று கத்தினார். “பொறுத்துக்கோங்கோ, என்ன பெரிய...” என்று நான் மறுபடி கை வைத்தபோது மாமியார் குரல் ஓங்கி வந்தது. அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

“எண்ணெய் இல்லாம கழட்டாதே!”

கை அப்படியே நின்றுவிட்டது. சமையலறைக்குப் போய்த் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். கணவர் காலை இன்னும் நீட்டினார். நான் அவரைத் தாண்டிப் போய், மாமியார் முன்னால் தரையில் உட்கார்ந்து, அவர் வலது காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டாவது விரலில், கணுவுக்குக் கீழே, அன்றைக்குக் கிழிந்த இடத்தில் சின்னதாக ஒரு தழும்பு இருந்தது. அதன்மேல் எண்ணெயை ஒரு சொட்டு விட்டேன்.

“என்னடி பண்றே? கூசறது, விடு” என்றார். ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை. நான் வலது விரலில் தேய்த்து முடித்ததும், அவரே இடது காலை நீட்டினார்.